மேசைக்கு அடியில் ஓடும் ரயில்

திருவண்ணாமலையை 1:87 அளவில் செய்யப் புகுந்தால், 217 அடி உயர ராஜகோபுரம் 76 சென்டிமீட்டராகிவிடும். பதினொரு நிலைகளையும் அட்டையிலோ பிளாஸ்டர் வார்ப்பிலோ செய்து ஒரு மேசைமேல் நிறுத்திவிடலாம். மலைதான் அடங்காது. கடல்மட்டத்திலிருந்து 814 மீட்டர். ஊர்த் தரையிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 640 மீட்டர். 87ஆல் வகுத்த பிறகும் 7 மீட்டருக்கு மேல் நிற்கும், அதாவது இரண்டு மாடி வீட்டின் உயரம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை 160 மீட்டராகும். விழுப்புரத்தில் தொடங்கித் திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி போய்ச் சேரும் சுமார் 160 கிலோமீட்டர் ஒற்றைத் தண்டவாளப் பாதை, 1.8 கிலோமீட்டருக்கு நீளும். அதனால் மாதிரி ரயில் கட்டுகிற எவரும் சுருக்கியதை மேலும் சுருக்குகிறார்கள். மலையை ஓர் ஆள் உயரத்துக்குக் குறைக்கிறார்கள். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் உள்ள ஊர்களையும் வயல்களையும் விட்டுவிடுகிறார்கள். பிளாட்பாரத்தில் பாதியை வெட்டுகிறார்கள். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அது திருவண்ணாமலையாகத் தெரிந்தால் போதும்.

தண்டவாள அகலத்திலும் இதே சமரசம் உண்டு. உலகில் மிக அதிகமாகப் புழங்கும் எச்.ஓ. என்ற 1:87 மாதிரிகளுக்குப் பாதை அகலம் 16.5 மி.மீ. அது ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைக்காக அமைந்தது. நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; அதே 1:87இல் 19.3 மி.மீ. வரவேண்டும். அந்த அளவில் தண்டவாளம் கடையில் கிடைக்காது. கையால் செய்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் தென்னிந்திய ரயில்வே கம்பெனி காலத்தில் போட்ட மீட்டர் கேஜை எடுத்துக்கொண்டால் 1,000 மி.மீ. என்பது 11.5 மி.மீ. ஆகிறது. ஆல்ப்ஸ் மலை ரயில்களுக்காக ஐரோப்பாவில் விற்கும் 12 மி.மீ. தண்டவாளம் அதற்கு ஏறக்குறையப் பொருந்திவிடும். இன்றைய திருவண்ணாமலை ஸ்டேஷனைவிட, இந்த நூற்றாண்டில் நாம் இழந்த மீட்டர் கேஜ் ஸ்டேஷனைத்தான் உண்மைக்கு நெருக்கமாகச் செய்ய முடியும். எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.

இப்படி எல்லாவற்றையும் சுருக்கலாம். மின்சாரத்தைச் சுருக்க முடியாது. 1:87 உலகத்திலும் ஒரு மீட்டர் செம்புக் கம்பி ஒரு மீட்டர் செம்புக் கம்பிதான். அதன் மின்தடையை 87ஆல் வகுக்கும் வழி எதுவும் இல்லை. மரமும் மண்ணும் மனிதர்களும் பொம்மை அளவுக்கு வந்த பிறகும், பலகைக்கு அடியில் ஓடும் கம்பி முழு அளவு இயற்பியலுக்குத்தான் கட்டுப்படுகிறது. மாதிரி ரயிலில் தடுமாற்றம் என்று வந்தால் காரணம் பெரும்பாலும் மேலே ஓடும் வண்டியில் இருக்காது, கீழே போகும் கம்பியில்தான் இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எஞ்சினுக்குச் செலவு செய்துவிட்டு, கம்பியை மிச்சப் பணத்தில் வாங்குகிறார்கள். அந்த வரிசையை மாற்றவேண்டும் என்பதே என் வாதம்.

பெரிய ரயிலிலிருந்தே தொடங்கலாம். 2024 மே மாதத்தில் சென்னை கடற்கரை – வேலூர் கண்டோன்மென்ட் மெமு வண்டியைத் திருவண்ணாமலை வரை நீட்டித்தார்கள். அந்த வண்டி தலைக்கு மேலே போகும் கம்பியிலிருந்து 25,000 வோல்ட் எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு வோல்ட் எதற்கு? 4,500 கிலோவாட் திறனுள்ள ஒரு பெரிய மின் எஞ்சினை வைத்துக் கணக்குப் போடுவோம். 25,000 வோல்ட்டில் அதற்கு 180 ஆம்பியர் போதும். 1,500 வோல்ட்டில் 3,000 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட்டில் 3,75,000 ஆம்பியர். கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்சாரம் ஆம்பியரின் இருமடியைப் பொறுத்தது; ஆம்பியர் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு. 1931இல் சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் மீட்டர் கேஜ் மின்வண்டி ஓடத் தொடங்கியபோது அது 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடியது. அந்த முறையில் வழியில் அடிக்கடி துணைமின் நிலையம் வைத்தாகவேண்டும், இல்லாவிட்டால் தூரத்தில் போகும் வண்டிக்கு வோல்ட் இறங்கிவிடும். 1960களில் அந்தப் பாதையும் 25,000 வோல்ட்டுக்கு மாறியது. இந்த முறையில் துணைமின் நிலையங்களுக்கு இடையே 40, 50 கிலோமீட்டர் இடைவெளி விடலாம்.

மாதிரி ரயில்காரருக்கு இந்த வசதி கிடையாது. தண்டவாளத்தில் குழந்தை கை வைக்கும், பெரியவர்களும் வைப்பார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் சில பொம்மை ரயில்கள் வீட்டு மின்சாரத்தையே ஒரு குண்டு பல்பின் வழியாகக் குறைத்துத் தண்டவாளத்தில் விட்டன. அது எவ்வளவு ஆபத்து என்று சொல்லவேண்டியதில்லை. 1920களில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த 20 வோல்ட் முறைக்கு மாறினார்கள். இன்று நேர்மின்சார எச்.ஓ. ரயில் 12 வோல்ட்டில் ஓடுகிறது. பாதுகாப்புக்காக வோல்ட்டைக் குறைத்ததால், பெரிய ரயில் தப்பித்துக்கொண்ட சிக்கலில் சின்ன ரயில் மாட்டிக்கொண்டது. 25,000 வோல்ட்டில் இரண்டு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12இல் இரண்டு குறைந்தால் வண்டி கோபுரத்துக்குப் பின்னால் போனதும் தள்ளாடும்.

எவ்வளவு குறையும் என்று போட்டுப் பார்க்கலாம். அறை நீளம் 6 மீட்டர். மின்சாரம் போக 6, திரும்ப 6, ஆக 12 மீட்டர் கம்பி. வீட்டில் மிச்சம் கிடக்கிற லேன் கேபிளைப் பிரித்து, அதன் ஓர் இழையில் இணைப்புக் கொடுப்பது பலரும் செய்வது. அந்த இழையின் குறுக்குப் பரப்பு சுமார் 0.2 சதுர மி.மீ.; 12 மீட்டருக்கு மின்தடை ஏறக்குறைய 1 ஓம். நாலைந்து எஞ்சின்களும் பெட்டி விளக்குகளும் சேர்ந்து 2 ஆம்பியர் இழுத்தால், கடைசி முனையில் 2 வோல்ட் காணாமல் போகும். அதே தூரத்துக்கு வீட்டு ஒயரிங்கில் பிளக் பாயின்ட்டுக்குப் போடும் இரண்டரை ஸ்கொயர் ஒயரை இழுத்தால் தடை 0.08 ஓம், இழப்பு 0.17 வோல்ட். பிரச்சினையே இல்லை. ஊரில் பழைய எலக்ட்ரீஷியன்கள் இன்றும் 3/20, 7/20 என்று இழைக்கணக்கில்தான் ஒயர் கேட்பார்கள். 3/20 என்பது கிட்டத்தட்ட 2 சதுர மி.மீ., அதுவும் நன்றாகவே போதும்.

ஆகவே முதல் வேலை: பலகைக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு தடித்த ஒயர்களைத் தாய்க் கம்பியாக இழுப்பது. தண்டவாளம் மேலே எப்படி வளைந்தாலும் நெளிந்தாலும் இவை கீழே அதன் நிழலாகக் கூடவே போகவேண்டும். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு சின்ன கிளைக் கம்பி பலகையைத் துளைத்து மேலேறித் தண்டவாளத்தைத் தொடும். கிளைக் கம்பி மெல்லியதாக இருக்கலாம், ஏனெனில் அதன் நீளம் ஒரு சாணுக்கு மேல் போகாது.

தண்டவாளமே உலோகம்தானே, அது மின்சாரத்தைக் கடத்தாதா என்ற கேள்வி நியாயமானது. கடத்தும், ஆனால் மோசமாக. மாதிரி ரயில் தண்டவாளம் பெரும்பாலும் நிக்கல் சில்வர் என்று விற்கும் கலவை, அதாவது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்தது. துருப்பிடிக்காது, மேலே படியும் மெல்லிய படலத்தினூடேயும் ஓரளவு மின்சாரம் போகும், அதனால்தான் பித்தளையை ஓரம்கட்டிவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அதன் மின்தடை செம்பைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல். இதைவிடக் கெட்டது இரண்டு துண்டுகளைச் சேர்க்கும் ஜாயின்டர் தகடு. வெறுமனே செருகி நிற்கும் அந்தத் தகட்டில் தூசி போகும், ஈரம் போகும், கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். இன்று ஓடும் பாதை ஆறு மாதம் கழித்து ஓடாததற்கு அதுவே முதல் காரணம்.

அப்படியானால் எல்லா ஜாயின்ட்டையும் சால்டர் வைத்துவிடலாமே? இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கிடுகிறது. திருவண்ணாமலையில் சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். மொட்டை மாடி அறையில் அதற்கும் மேல். மார்கழி இரவுக்கும் அதற்கும் 20 டிகிரிக்குக் குறையாத வித்தியாசம் உண்டு. 6 மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரிக்குச் சுமார் 2 மி.மீ. நீளும். நீள இடமில்லாவிட்டால் பக்கவாட்டில் வளையும். வண்டி தடம் புரளும். போதாக்குறைக்குக் கார்த்திகை மழையில் ஒட்டுப்பலகை ஊறி உப்பும், கோடையில் வற்றிச் சுருங்கும். சில ஜாயின்ட்டுகளைச் சால்டர் வைத்து, சிலவற்றை நகர விட்டு, எல்லாத் துண்டுக்கும் தனித்தனிக் கிளைக் கம்பி கொடுத்துவிட்டால், ஜாயின்டர் தகடு மின்சாரத்தைச் சுமக்கவேண்டிய கட்டாயமே இல்லாமல் போகிறது. தகட்டின் வேலை வரிசையைப் பிடித்து நிற்பது மட்டும்தான். அந்தப் பிரிவினை மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சால்டரிங்கைப் பற்றி நின்று பேசவேண்டும். கடையில் பத்துக்கு ஒன்பது பேர் 25 வாட் அயர்னைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ரேடியோ போர்டுக்கு அது சரி. தண்டவாளத்துக்கு அது போதாது, போதாததால்தான் தீங்கும் செய்கிறது. தண்டவாளம் நீளமான உலோகம். வைத்த வெப்பத்தை இரண்டு பக்கமும் இழுத்துக்கொள்ளும். சால்டர் உருகுவதற்கு 185 டிகிரி வாக்கில் வேண்டும். சின்ன அயர்ன் அதை எட்டுவதற்கு அரை நிமிடம் பிடிக்கும், அதற்குள் கீழே இருக்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டை உருகிப் பாதையின் அகலமே மாறிவிடும். 60 வாட் அயர்ன், அகலமான முனை, இரண்டு மூன்று விநாடி, எடுத்துவிடவேண்டும். அதிக வெப்பம் குறைந்த நேரத்துக்கு வைத்தால் பிளாஸ்டிக்குக்குச் சேதி போவதற்குள் வேலை முடிந்திருக்கும். வைக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஈரப் பஞ்சு வைத்தால் இன்னும் நல்லது. தண்டவாளத்தின் வெளிப்புறத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, அதற்கும் கம்பி முனைக்கும் தனித்தனியே முதலில் ஈயம் பூசிக்கொண்டு, பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு தொடு. உட்புறம் வைத்தால் சக்கர விளிம்பு இடிக்கும்.

சால்டர் பிடிப்பதற்காகத் தடவும் பிளக்ஸ் விஷயத்தில் கண்டிப்பாக இருக்கவேண்டும். பைன் மரப் பிசினில் செய்த ரோசின் பிளக்ஸ் மட்டும்தான். தகர வேலைக்கும் குழாய் வேலைக்கும் போடும் அமிலப் பேஸ்ட் சுலபமாகப் பிடிக்கும், பார்ப்பதற்கு அருமையாகவும் இருக்கும். சில மாதத்தில் கம்பி பச்சை பூத்து உள்ளுக்குள் அரித்துவிடும். சால்டரில் ஈயம் இருக்கிறது. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்து, முடித்ததும் கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடக்கூடாது.

மற்ற சாமான்கள் குறைவு. கட்டிங் பிளேயர் ஒன்று, ஒயர் ஸ்ட்ரிப்பர் ஒன்று, ஸ்க்ரூ வைத்த கனெக்டர் பட்டைகள் நிறைய, ஹீட் ஷ்ரிங்க் குழாய், ஒரு மல்டிமீட்டர். பல்லால் கடித்து ஒயர் சீவும் பழக்கத்தை விட்டுவிடவேண்டும்: உள்ளே இரண்டு இழை அறுந்தால் ஒயர் அந்த இடத்தில் மெலிந்துவிடுகிறது, வாங்கிய தடிமனுக்குப் பொருளில்லாமல் போகிறது. இன்சுலேஷன் டேப்பைத் தற்காலிகத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம். நம் கோடையில் அதன் பசை இளகி வழிந்து, டேப் அவிழ்ந்து தொங்கும். சென்னை ரிச்சி தெருவில் இவை எல்லாம் ஒரு நடையில் கிடைக்கும். மல்டிமீட்டரில் 'பீப்' ஒலி வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கவேண்டும். பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கும்போது எண்ணைப் படிக்க முடியாது, ஒலியைக் கேட்க முடியும்.

நிறங்களை முதல் நாளே முடிவுசெய்து கடைசி வரை மாற்றாமல் இருப்பது முக்கியம். வீட்டு ஒயரிங்கில் கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்று பழகிய கைக்குக் குழப்பம் வராதபடி, தண்டவாளத்துக்கு வேறு ஜோடி எடுத்துக்கொள்ளலாம்.

ஒயர் தடிமனைப் பற்றி இவ்வளவு சொல்வது வண்டி தள்ளாடுகிறது என்பதற்காக மட்டும் அல்ல. இன்னொரு காரணம் தீ. டிஜிட்டல் முறையில் ஓடும் மாதிரி ரயிலுக்குச் சுமார் 15 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் மின்கருவி வைப்பார்கள். வண்டி தடம் புரண்டு இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிட்டால் ஷார்ட் சர்க்யூட். 5 ஆம்பியரைத் தாண்டியதும் கருவி தானாக அணைந்துவிடும். ஆனால் கம்பியும் ஜாயின்ட்டும் சேர்ந்து 3.5 ஓம் தடை இருந்தால்? 15ஐ 3.5ஆல் வகுத்தால் 4.3 ஆம்பியர். கருவியின் பார்வையில் அது ஷார்ட்டே இல்லை, நாலைந்து எஞ்சின் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு தொடர்ந்து கொடுக்கும். அதே நேரம் 64 வாட் வெப்பம் வெளிவருகிறது. அதில் ஒரு பங்கு, தடம் புரண்ட வண்டியின் பிளாஸ்டிக் அடிப்பாகத்தில், ஒரு குண்டூசி முனை அளவு இடத்தில் இறங்கும். இதனால்தான் அனுபவசாலிகள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். ஒரு நாணயத்தை எடுத்துப் பாதையின் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்துப் பார்ப்பது. உடனே கருவி அணையவேண்டும். எங்காவது ஓரிடத்தில் அணையாவிட்டால் அந்த இடத்துக்குப் போகும் கம்பி போதாது. மலைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் போகும் சுரங்கப் பாதையில் இதை முதலில் செய்யவேண்டும்.

அடுத்தது பாதையின் வடிவம். மலையைச் சுற்றிக் கிரிவலமாக ஒரு வட்டப் பாதை போடுவது திருவண்ணாமலை மாதிரிக்கு யாருக்கும் தோன்றும் அமைப்பு. மின்சாரத்துக்கும் அதுதான் இயல்பு. வண்டி எத்தனை சுற்று வந்தாலும் இடப்பக்கத் தண்டவாளம் இடப்பக்கமாகவே வந்து சேரும். ஆனால் வண்டி ஒரு முனையில் கொண்டைபோல் வளைந்து, வந்த பாதையிலேயே திரும்பி வரட்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால் இடது தண்டவாளம் போய் வலதோடு சேர்ந்துவிடும். பாதையைப் போட்டு முடித்த கணமே ஷார்ட். எஞ்சினைத் திருப்ப முக்கோணப் பாதை போட்டாலும் இதே கதை. வழி என்னவென்றால், அந்த வளைவின் இரண்டு முனைகளிலும் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டி, பிளாஸ்டிக் ஜாயின்டர் வைத்துத் தனித்தீவாக்குவது. வண்டி உள்ளே போனதும் அந்தத் தீவின் துருவத்தை மாற்றிவிடவேண்டும். தீவு, ஓடக்கூடிய மிக நீளமான வண்டியைவிட நீளமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வண்டியின் தலையும் வாலும் ஒரே நேரத்தில் இரண்டு முனையையும் இணைத்துவிடும்.

பழைய நேர்மின்சார முறையில் துருவத்தை மாற்றினால் வண்டியும் பின்னோக்கி ஓடும், ஆகவே நிறுத்தித்தான் மாற்றவேண்டும். டிஜிட்டல் முறை அந்தத் தொல்லையை ஒழித்தது. ஜெர்மனியின் பெர்ன்ட் லென்ஸ் 1980களில் உருவாக்கியதை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் நேஷனல் மாடல் ரயில்ரோட் அசோசியேஷன் 1990களில் அதை உலகப் பொது விதியாக்கியது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட் இருக்கும், ஆனால் அது நொடிக்குப் பல ஆயிரம் முறை துருவம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தின் நேரத்திலேயே கட்டளை எழுதப்படுகிறது: ஒவ்வொரு அரைத்துடிப்பும் 58 மைக்ரோ விநாடி என்றால் 'ஒன்று', 100 அல்லது அதற்கு மேல் என்றால் 'பூஜ்யம்'. எஞ்சினுக்குள் இருக்கும் சின்னச் சில்லு அதைப் படித்து, தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒரே பாதையில் ஒரு வண்டி வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் ஓட, ஒன்று நின்றபடி விளக்கெரிய, இரண்டே கம்பி போதும். எந்தத் தண்டவாளம் எந்தத் துருவம் என்று சில்லு கவலைப்படுவதில்லை. அதனால் வண்டி ஓடும்போதே தீவின் துருவத்தை ஒரு தானியங்கிக் கருவி மாற்றிவிடுகிறது. இவ்வளவு வேகமாகத் துடிக்கும் மின்சாரம் நீளமான கம்பியில் கூர்மையான வோல்ட் எழுச்சிகளை உண்டாக்கும். தாய்க் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று தளர்வாக முறுக்கிக் கொண்டுபோனால் அது அடங்கும்.

வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயின்ட்டை நகர்த்தும் மோட்டாரில் ஒரு பழைய வகை, இரண்டு சுருள் வைத்த காந்தம். கணநேரம் மட்டும் சில ஆம்பியர் வேண்டும்; சுவிட்ச் ஒட்டிக்கொண்டு இரண்டு விநாடி கூடுதலாகப் போனால் சுருள் கருகும். இதற்கு மருந்து மின்தேக்கி. 4,700 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 24 வோல்ட்டில் நிரம்பினால் அதில் 1.35 ஜூல் இருக்கும். அது பாயின்ட்டை ஓங்கித் தள்ளப் போதும், சுருளைக் கருக்கப் போதாது. ஆபத்தான மின்சாரத்தை அளந்து கொடுப்பது என்ற இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

சிக்னலுக்கு வந்தால் பெரிய ரயிலிலிருந்து கற்றுக்கொள்ளவேண்டியது நிறைய. பாதையில் வண்டி இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் தண்டவாளச் சுற்றை 1872இல் அமெரிக்காவின் வில்லியம் ராபின்சன் வகுத்தார். ஒரு முனையில் பாட்டரி, மறுமுனையில் ரிலே. பாதை காலியாக இருந்தால் மின்சாரம் ரிலேயைப் பிடித்து நிறுத்தும், சிக்னல் பச்சை. வண்டி வந்ததும் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடுகின்றன, ரிலே விழுகிறது, சிக்னல் சிவப்பு. இதன் அழகு கோளாறில்தான் தெரியும். கம்பி அறுந்தாலும், பாட்டரி தீர்ந்தாலும், தண்டவாளம் உடைந்தாலும் ரிலே விழும், சிவப்புதான் எரியும். மாதிரி ரயிலில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: மின்சாரம் ஓடினால் வண்டி இருக்கிறது, ஓடாவிட்டால் காலி. கிளைக் கம்பி அறுந்துபோனால் வண்டி நடுப்பாதையில் நிற்கும்போதும் பலகையில் பச்சை எரியும். மேசைமேல் இதனால் பெட்டி கவிழ்வதைத் தவிர ஒன்றும் ஆகாது. ஆனால் இந்த வித்தியாசத்தைக் குழந்தைகளுக்கு விளக்கிச் சொல்ல மாதிரி ரயிலைவிடச் சிறந்த கருவி இல்லை. ரயில்வே பயிற்சிக் கூடங்களில் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கு மாதிரிப் பாதை போட்ட அறையில் பாடம் நடத்துவதும் அதற்காகத்தான்.

பலகைக்கு அடியில் நடந்த வேலை வேறெங்கோ கொண்டுபோய் விட்டதும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946இல் தொடங்கிய மாதிரி ரயில் மன்றத்தில் சிலர் எஞ்சின்களுக்கு வண்ணம் பூசினார்கள். சிலர் 'சிக்னல், பவர்' குழு என்ற பெயரில் மேசைக்கு அடியிலேயே கிடந்தார்கள். தொலைபேசி நிலையங்களின் ரிலேக்களைக் கொண்டுவந்து இணைத்து, தொலைபேசி டயலைச் சுழற்றி வண்டி ஓட்டினார்கள். ஆலன் கோடோக், பீட்டர் சாம்சன் ஆகியோர் அங்கிருந்துதான் கல்லூரிக் கணினிகளின் பக்கம் போனார்கள். 1962இல் அதே மன்றத்தைச் சேர்ந்த ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பி.டி.பி.–1 கணினியில் 'ஸ்பேஸ்வார்' விளையாட்டை எழுதினார்கள். நம் நாட்டில் புனேயில் பாவ் ஜோஷி என்ற தனிமனிதர் பல பத்தாண்டு ஆர்வத்தின் பயனாக அமைத்த சிற்றளவு ரயில் அருங்காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது. ரயில்பெட்டித் தொழிற்சாலை உள்ள சென்னையில் அப்படி ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகளே கட்டி ஓட்டும் நாளைப் பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

விளக்குகளைப் பற்றிச் சொல்லாமல் திருவண்ணாமலையைப் பேச முடியாது. கோபுரத்தையும் மாட வீதியையும் ஒளியூட்டச் சின்ன எல்.இ.டி.கள் போதும். வெள்ளை எல்.இ.டி. 3 வோல்ட் எடுக்கும். 12 வோல்ட்டில் இணைத்தால் மிச்சம் 9 வோல்ட்டைத் தாங்க ஒரு ரெசிஸ்டர் வேண்டும். 1,000 ஓம் போட்டால் 9 மில்லி ஆம்பியர் போகும், வீதி விளக்குக்கு அதுவே அதிகம். மூன்றை வரிசையாகக் கோத்தால் 330 ஓம் போதும், அதே மின்சாரத்தில் மூன்று விளக்கு எரியும். திருவிழாச் சீரியல் செட்டில் பழைய 6 வோல்ட் பல்புகளை முப்பத்தெட்டு வாக்கில் கோத்து 230 வோல்ட்டில் கொடுப்பதும் இதே கணக்குதான். ஆனால் அந்தச் செட்டை மாதிரி ரயிலுக்குள் கொண்டுவரக்கூடாது, அதன் ஒவ்வொரு பல்பின் காலிலும் வீட்டு மின்சாரம் நிற்கிறது. மலையுச்சியில் தீபக் கொப்பரை 1:87இல் 2 சென்டிமீட்டர் உயரம் வரும். அதற்கு மஞ்சள் எல்.இ.டி. ஒன்றைத் தனிச் சுவிட்சில், தனி மின்வழங்கியில் வைப்பது நல்லது. தண்டவாளத்தில் ஷார்ட் ஆகி எல்லாம் அணைந்தாலும் தீபம் அணையக்கூடாது.

230 வோல்ட் சுவர் பிளக்கோடு நின்றுவிடவேண்டும். பலகைக்கு அடியில் ஓரிடத்திலும் அது ஓடக்கூடாது. பலர் கவனிக்காத ஓர் ஆபத்து: பழைய மாறுமின்சார டிரான்ஸ்ஃபார்மர் இரண்டை ஒரே தண்டவாளத்தில் இணைத்துவிட்டு, ஒன்றின் பிளக்கை மட்டும் பிடுங்கினால், மற்றொன்றின் 16 வோல்ட் தண்டவாளம் வழியாகப் பின்பக்கம் நுழைந்து, பிடுங்கிய பிளக்கின் பின்களில் 230 வோல்ட்டாக எழும்பி நிற்கும். கையில் பிடித்திருப்பவர் அது செத்த பிளக் என்று நினைத்துக்கொண்டிருப்பார். எல்லா மின்வழங்கிகளுக்கும் ஒரே பலகை, ஒரே சுவிட்ச், அதற்கு முன்னால் எர்த் கசிவைக் கண்டு அணைக்கும் டிரிப்பர் என்று வைத்தால் இது நேராது.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரு நாள் காரணமே தெரியாமல் ஷார்ட் காட்டும். பதினாறு கிளைகள் இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கத் தேவையில்லை. கனெக்டர் பட்டையில் எட்டைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைக்கவேண்டும். ஒலி நின்றால் குற்றவாளி கழற்றிய எட்டில். நிற்காவிட்டால் மாட்டியிருக்கும் எட்டில். அந்த எட்டை நாலாக்கி, நாலை இரண்டாக்கினால், நான்காவது சோதனையில் கிளை தெரிந்துவிடும். கம்பிகளைக் கனெக்டரில் கொண்டுவந்து எண் எழுதிய ஒட்டுச்சீட்டோடு முடித்தவருக்கு இது ஐந்து நிமிட வேலை. முறுக்கி டேப் சுற்றியவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். கண்டுபிடித்த கிளையில் மேலே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பாயின்ட்டின் இடுக்கில் விழுந்த ஒரு சால்டர் துளியோ, தண்டவாளத்தின் மேல் மறந்து வைத்த ஸ்க்ரூவோ கிடக்கும்.